காயலான் கடைக்குப் போகும் முன்: இந்திய வீடுகள் ஒலிக்கருவிகளை மாற்றிய கதை

சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற கோடையில் சிவகங்கைப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து அப்பா தொலைபேசியில் அழைத்தார். வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். "இந்த டேப்ரெக்கார்டரக் காயலான் கடையில போட்டுறவாப்பா? ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிக்கிட்டா எடமும் அடைக்காது" என்றார். அது குவைத்தில் வேலை பார்த்த பெரியப்பா 1980களில் கொண்டுவந்த டூ-இன்-ஒன். ஓடி இருபது ஆண்டுகளாவது ஆகியிருக்கும். 'போட்டுவிடுங்கள்' என்று சொல்ல வாயெடுத்தபோதுதான், அதனுடன் ஒரு பிஸ்கட் டப்பாவில் கேசட்டுகள் இருந்தது நினைவுக்கு வந்தது. நான் ஊருக்கு வரும்வரை வைத்திருக்கச் சொன்னேன்.

ஒரு வீடு தன் ஒலிக்கருவியை எப்போது மாற்றுகிறது, எப்போது வைத்துக்கொள்கிறது? இக்கேள்விக்குத் தொழில்நுட்ப வரலாறுகள் தரும் விடை எளிமையானது. இசைத்தட்டு, நீள்தட்டு, ஒலிநாடா, குறுந்தகடு, கணினிக் கோப்பு என்று ஒலி படிப்படியாகத் தெளிவடைந்தது. மக்களும் தெளிவான ஒலியை நாடிப் படியேறினர் என்பது அவ்விடை. இந்திய வீடுகளின் வரலாறு இதற்கு ஒத்துவருவதில்லை. இங்கு ஒலித்தரம் ஒரு கருவியின் தலைவிதியைத் தீர்மானித்த தருணங்கள் குறைவு. வேண்டிய பாட்டு எதில் கிடைக்கிறது, பழுதானால் சரிசெய்ய ஆள் உண்டா, பழைய கருவியில் மட்டுமே கேட்கக்கூடியது ஏதேனும் உள்ளதா என்னும் மூன்று கேள்விகளே பெரும்பாலும் முடிவெடுத்தன. மூன்றாவது கேள்வியைத்தான் நாம் பெரும்பாலும் காலங்கடந்து கேட்கிறோம்.

முதலில் இசைத்தட்டு. 1902 நவம்பரில் கல்கத்தாவில் பிரெட் கெய்ஸ்பெர்க் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தார். பதிவான மெழுகுத்தட்டுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்று, அங்கே இசைத்தட்டுகளாக அச்சாகித் திரும்பின. பாட்டின் இறுதியில் கௌஹர் ஜான் தம் பெயரை ஆங்கிலத்தில் அறிவிப்பதை இன்றும் கேட்கலாம். ஹனோவர் தொழிலாளர்கள் தட்டை அடையாளம் காண்பதற்கான ஏற்பாடு அது என்பர். பதிவு செய்யப்பட்ட குரலுக்கு ஒரு பெயர்ச்சீட்டு வேண்டும் என்னும் அறிவு தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது. இதை நினைவில் வைத்திருங்கள். பின்னர் திரும்பி வருகிறேன். 1908இல் சியால்தாவிலும் 1928இல் டம்டம்மிலும் கிராமபோன் நிறுவனத்தின் தொழிற்சாலைகள் எழுந்தன. தட்டுக்கு வேண்டிய அரக்கு சோட்டா நாக்பூர்க் காடுகளிலிருந்தே உலகெங்கும் சென்றுகொண்டிருந்தது.

அக்காலத்தில் வீடுகள் அடிக்கடி எடுத்த முடிவு பெட்டியைப் பற்றியதன்று, ஊசியைப் பற்றியது. அரக்குத் தட்டில் கல்தூள் போன்ற கடினமான நிரப்பிகள் கலந்திருக்கும். நூறு கிராமுக்கும் மேற்பட்ட எடையுடன் எஃகு ஊசி அதன்மேல் ஊரும்போது முதல் சில சுற்றுகளிலேயே ஊசிமுனை தேய்ந்து வரிப்பள்ளத்தின் வடிவுக்குப் பொருந்திக்கொள்ளும். தேய்வது ஊசியாக இருக்கவேண்டும், தட்டாக இருக்கக்கூடாது என்பதே வடிவமைப்பு. எனவே ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்று நிறுவனங்கள் அறிவுறுத்தின. சிக்கனம் கருதி ஒரே ஊசியைப் பல பக்கங்களுக்கு ஓட்டிய வீடுகளின் தட்டுகள்தாம் இன்று வெறும் இரைச்சலாக ஒலிக்கின்றன. மலிவான உறுப்பைக் காலத்தில் மாற்றுவதே விலையுயர்ந்ததைக் காக்கும் வழி என்னும் பாடத்தை ஒலிக்கருவி முதன்முதலாகக் கற்பித்தது இங்கேதான்.

1925ஐ ஒட்டி ஒலிவாங்கி கொண்டு மின்வழியில் பதிவு செய்யும் முறை வந்தது. ஒலி வெகுவாக மேம்பட்டது. எனினும் புதிய தட்டுகள் பழைய சாவிப்பெட்டியிலும் ஓடின. ஆகவே பெட்டியை மாற்ற வேண்டிய கட்டாயம் எழவில்லை. 1948இல் அமெரிக்காவில் வெளியான நீள்தட்டு அப்படிப்பட்டதன்று. அதன் சுழல்வேகம் வேறு. வரிப்பள்ளம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அகலமே உடையது. பழைய எஃகு ஊசியை அதன்மேல் வைத்தால் தட்டு பாழாகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அதை இயக்க மின்சாரம் வேண்டும். மின்சாரம் எட்டாத பல்லாயிரம் ஊர்களைக் கொண்ட ஒரு நாட்டில், சாவி கொடுத்தால் ஓடும் பெட்டியை எவர் கைவிடுவர்? மேலைநாடுகளில் 1960ஐ ஒட்டி மறைந்துவிட்ட 78 சுழல்வேகத் தட்டுகள் இந்தியாவில் 1960களின் இறுதிவரை அச்சாயின. பீட்டில்ஸ் குழுவின் பாடல்கள் கூட டம்டம்மில் அரக்குத் தட்டுகளாக வெளிவந்தன. உலகச் சேகரிப்பாளர்கள் இன்று அவற்றை அரும்பொருளாகத் தேடுகின்றனர். நிறுவனம் புதியதை நீட்டியது. வீடுகள் பழையதை வைத்துக்கொண்டன. நிறுவனம் வீடுகளுக்கு இணங்கியது. நுகர்வோர் வரலாற்றில் இது சிறிய செய்தியன்று.

மொழியியல் மாணவன் என்ற முறையில் ஓர் இடைக்குறிப்பு. வங்கத்தில் கிராமபோனைக் 'கலேர் கான்', அதாவது இயந்திரப்பாட்டு, என்றனர். பஞ்சாபில் இசைத்தட்டுக்குப் பெயர் தோசைக்கல்லைக் குறிக்கும் அதே 'தவா'. தமிழில் 'பிளேட்டு'. எந்தப் பெயரும் ஒலியின் தரத்தைச் சுட்டுவதில்லை. பார்த்த உருவத்தையும் செய்த வேலையையும் சுட்டுகின்றன. கருவி மறைந்த பின்னும் சொல் தங்குகிறது. ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்பவரைக் 'கீறல் விழுந்த ரெக்கார்டு' என்கிறோம். பேச்சு மாறியவர் 'பிளேட்டைத் திருப்பிப் போட்டுவிட்டார்' என்கிறோம். இதுவும் இசைத்தட்டின் வழிவந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. இசைத்தட்டைத் தொட்டே பார்த்திராத என் மாணவர்களும் இவற்றைப் பிழையின்றி வழங்குகின்றனர்.

வானொலிக்கு வருவோம். 1952இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் திரைப்பாடல்களை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறத்தாழ வெளியேற்றினார். செவ்விசையால் மக்களின் செவியைப் பண்படுத்த வேண்டும் என்பது அவர் கொள்கை. மக்கள் குமிழைத் திருகி இலங்கை வானொலிக்குப் போயினர். அதே ஆண்டு இறுதியில் அங்கே தொடங்கிய 'பினாக்கா கீத்மாலா' அமீன் சயானியின் குரலை இந்தி பேசும் பகுதிகள் முழுவதும் பரப்பியது. தமிழகத்து வீடுகளும் இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவைக்குச் செவிசாய்த்தன. வானொலி வாங்கச் சென்றவர் அக்காலத்தில் கேட்ட முதன்மையான கேள்வி எதுவாக இருந்திருக்கும்? ஒலி இனிமையா என்பதைவிட, சிற்றலை வருமா என்பதே. இலங்கையிலிருந்து சிற்றலையில் வந்த ஒலி ஏறி இறங்கும், கரகரக்கும், சில இரவுகளில் மூழ்கியே போகும். தெளிவான உள்ளூர் நிலையத்தை விட்டு மக்கள் அந்தக் கரகரப்பைத் தேர்ந்தனர். ஐந்தே ஆண்டுகளில், 1957 அக்டோபர் 3 அன்று, அரசு 'விவித் பாரதி'யைத் தொடங்கித் திரைப்பாடல்களுக்கு இடமளித்தது.

வானொலியை வைத்திருப்பதற்கும் அன்று விலை இருந்தது. அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி உரிமப் புத்தகத்தில் முத்திரை பெறவேண்டும். 1980களின் நடுப்பகுதியில்தான் இம்முறை ஒழிந்தது. உரிமம் போயிற்று, வால்வு வானொலியும் போயிற்று, தொலைக்காட்சி வந்தது. வானொலிப்பெட்டிக்கு இனி என்ன வேலை?

இதற்கான விடையை நான் ஆய்வுக்காகத் தங்கியிருக்கும் கொல்கத்தாவில் கண்டேன். மகாளய அமாவாசைக்கு முந்தைய நாட்களில் இந்நகரின் வானொலி பழுதுபார்க்கும் கடைகளில் கூட்டம் சேரும். ஆண்டு முழுவதும் அலமாரியின் மேல் தூசி படிந்து கிடந்த பெட்டிகள் துணிப்பைகளில் வந்திறங்கும். காரணம், அன்று விடியற்காலை 4 மணிக்கு ஒலிபரப்பாகும் 'மகிஷாசுரமர்த்தினி'. பாணி குமார் எழுதி, பங்கஜ் குமார் மல்லிக் இசையமைத்து, பீரேந்திர கிருஷ்ண பத்ரா ஓதும் இந்நிகழ்ச்சி 1930களின் தொடக்கத்திலிருந்து வருவது. 1976இல் வானொலி நிலையம் இதனை நீக்கிவிட்டு, வங்கத் திரையின் தலைசிறந்த நாயகர் உத்தம் குமாரைக் கொண்டு புதிய நிகழ்ச்சி ஒன்றை ஒலிபரப்பியது. நட்சத்திரமும் புதியது, இசையும் புதியது, பதிவும் புதியது. நகரம் கொந்தளித்தது. நிலையம் பணிந்து பழைய நிகழ்ச்சியையே மீண்டும் கொண்டுவந்தது.

இந்நிகழ்ச்சி இசைத்தட்டாகவும் கேசட்டாகவும் குறுந்தகடாகவும் வந்துவிட்டது. இன்று கைபேசியில் எந்நேரமும் கேட்கலாம், வானொலியைவிடத் தெளிவாகவே கேட்கலாம். பின் எதற்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வரவேண்டும்? நான் தங்கியிருக்கும் வீட்டின் மூத்த அம்மையார், கைபேசியில் கேட்டால் தாம் மட்டும் கேட்பதாக இருக்கும் என்றார். அந்த 4 மணிக்குத் தெருவின் எல்லாச் சன்னல்களிலிருந்தும் ஒரே குரல் எழுவதற்குள் தம் வீட்டுக் குரலும் இருக்கவேண்டும் என்பது அவர் கணக்கு. ஆண்டில் ஒன்றரை மணிநேரம் பயன்படும் கருவியைச் சந்தைக் கணக்கு வீண் என்றே தீர்ப்பளிக்கும். பெட்டியை வைத்திருக்கும் வீடுகளின் கணக்கில் மீதி நாட்களின் தூசி ஒரு செலவாகவே எழுதப்படுவதில்லை.

இனி கேசட். 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இச்சிறு பேழையில் ஒரு நற்பண்பு இருந்தது. ஒரு பக்கத்தின் இடவல ஒலித்தடங்களை அருகருகே அமைத்ததால், ஸ்டீரியோ கேசட் பழைய ஒற்றைத்தட இயக்கியிலும் குறையின்றி ஓடியது. பழைய கருவியை வைத்திருப்பவரைத் தண்டிக்காத வடிவமைப்பு அது. இந்தியாவில் அது வேரூன்றியது 1970களின் இறுதியிலும் 1980களிலும். வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியவர்களின் கைகளில் டூ-இன்-ஒன் வந்திறங்கியதும், உள்நாட்டுத் தயாரிப்பு பெருகியதும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. தில்லி தரியாகஞ்சில் பழச்சாற்றுக் கடைக் குடும்பத்திலிருந்து வந்த குல்ஷன் குமாரின் டி-சீரீஸ் போன்ற நிறுவனங்கள் விலையைத் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்தன. இக்காலத்தின் வட இந்தியாவை ஆராய்ந்த பீட்டர் மேனுவலின் 'கேசட் கல்ச்சர்' 1993இல் வெளியானது. நம் துறையினர் அவசியம் வாசிக்கவேண்டிய நூல்.

ஒலித்தரத்தை அளவுகோலாகக் கொண்டால் கேசட் ஒரு வீழ்ச்சி. மலிவான நாடாவின் இரைச்சல் நீள்தட்டின் அருகில் வைக்கத் தகாதது. ஆயினும் வீடுகள் தட்டிலிருந்து நாடாவுக்கு இறங்கி வந்தன. 'இறங்கி வந்தன' என்பது பொறியாளரின் பார்வை. வீடுகளுக்கு அது ஏற்றமே. ஒரே பெரிய நிறுவனம் எதைப் பதிவது என்று தீர்மானித்த காலம் போய், பிரஜ் பகுதியின் ரசியா, போஜ்புரிப் பாடல்கள், கட்வாலிப் பாடல்கள் என இசைத்தட்டில் சிறிதளவே இடம்பெற்றவை கடைத்தெருவில் குவிந்தன. தன் பேச்சுவழக்கைத் தன் வீட்டுக் கருவியில் முதன்முறையாகக் கேட்டவர்கள் நாடாவின் இரைச்சலைப் பொருட்படுத்தவில்லை.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் இருந்த ஒலிக்கருவிகளில் சாமானியருக்குப் பதிவு செய்யும் ஆற்றலைத் தந்தது கேசட்தான். சிவப்புப் பொத்தானையும் ஓட்டும் பொத்தானையும் சேர்த்து அமுக்கினால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத தாய் கடல்கடந்த மகனுடன் பேச அதுவே கடிதமாயிற்று.

அதன் பின் வந்தவற்றை விரைந்து கடக்கலாம். 1982இல் உலகச் சந்தைக்கு வந்த குறுந்தகடு, அளவுகோல்களின்படி முந்தைய எல்லாவற்றையும் விஞ்சியது. அதன் விலையோ இந்திய நடுத்தர வீடுகளை நெடுநாள் அண்டவிடவில்லை. பல வீடுகள் கேசட்டிலிருந்து நேரே எம்பி3 தகட்டுக்கும், கைபேசிக் கடையில் காசு கொடுத்துப் பாட்டு ஏற்றிவரும் நினைவக அட்டைக்கும் தாவின. ஒலியைச் சுருக்கிய அக்கோப்புகள் தரத்தில் குறுந்தகட்டுக்குக் கீழானவை. மறுபடியும் பாட்டின் பெருக்கமே வென்றது. 2017இல் 5,000 பழைய பாடல்களை உள்ளடக்கி, பழைய வானொலிப்பெட்டியின் உருவில் வெளியான 'கார்வான்' பெருவெற்றி கண்டது. அதை விற்ற சரிகம நிறுவனம், 1908இல் சியால்தாவில் தட்டு அச்சிட்ட அதே கிராமபோன் நிறுவனத்தின் வழிவந்தது. பலரும் தம் பெற்றோருக்குப் பரிசளித்த கருவி அது. கோப்புகளையும் செயலிகளையும் தேடத் தெரியாத கைகளுக்குப் பழகிய குமிழ் ஒன்று தேவைப்பட்டது.

இப்போது மூன்றாவது கேள்வி. நம் துறையின் மிகப் பழைய ஒலிச்சான்றுகளுள், கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வுக்காக 1913 முதல் 1929 வரை செய்யப்பட்ட கிராமபோன் பதிவுகள் முதன்மையானவை. பல மொழிகளிலும் கிளைமொழிகளிலும் மக்கள் பேசிப் பதிந்தவை. ஊதாரி மைந்தன் கதை அவற்றுள் திரும்பத் திரும்ப வரும். அவை இலண்டனில் பேணப்பட்டு, மின்னுருவாகி, இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் எவரும் கேட்கும்படி உள்ளன. நூறாண்டுக்கு முந்தைய உழவர் ஒருவரின் குரலை விடுதியறையில் அமர்ந்து கேட்க முடிகிறது. அதே வேளையில், நாற்பதாண்டுக்கு முந்தைய நம் பாட்டிமார் குரல்கள் பரண்களில் அழிந்துகொண்டிருக்கின்றன. அரக்குத் தட்டு உடையாதவரை நிலைக்கும். காந்த நாடாவோ ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், ஒட்டிக்கொள்ளும், பூச்சு உதிரும். நிறுவனம் பதிந்ததற்குப் பெயர்ச்சீட்டும் காப்பகமும் உண்டு. வீடு பதிந்தது ஒரே ஒரு படி. அதை வாசிக்கும் ஒரே கருவி காயலான் கடையின் வாசலில் நிற்கிறது.

ஊருக்குச் சென்று அந்த டூ-இன்-ஒன்னையும் டப்பாவையும் ரயிலில் கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தேன். சாந்தினி சௌக்கின் உட்சந்து ஒன்றில் கேசட் இயக்கிகளைப் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் இன்னும் இருக்கிறார். திறந்து பார்த்தார். ரப்பர் பெல்ட் கருந்தார் போல் உருகிக் கப்பியில் ஒட்டியிருந்தது. அதைத் துடைத்தெடுத்துப் புதிய பெல்ட் மாட்டினார். ஒலிமுனையையும் அழுத்துருளையையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார். சில நூறு ரூபாய்தான் ஆயிற்று. பழைய கேசட் இயக்கி 'செத்துவிட்டது' என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் செத்திருப்பது இந்தப் பெல்ட்தான். கிராமபோன் ஊசிக்குச் சொன்ன பாடம் இங்கும் பொருந்தும்.

டப்பாவில் ஒரு கேசட்டின் அட்டையில் திரைப்படப் பெயர் இருந்தது. ஆனால் அழியாதிருக்க விடப்பட்ட மேல்விளிம்புத் துளைகளை எவரோ ஒட்டுநாடாவால் மூடியிருந்தனர். மேற்பதிவு செய்ததற்கான அடையாளம் அது. ஓடவிட்டேன். குவைத்திலிருந்த பெரியப்பாவுக்கு அப்பத்தா பேசியது. குவைத்துக்கு எட்டவேண்டுமே என்று நினைத்தாரோ என்னவோ, முதல் ஐந்து நிமிடம் உரக்கக் கத்தியே பேசுகிறார். பிறகு குரல் தணிகிறது. பசு கன்று ஈன்றதைச் சொல்கிறார், கண்மாய் நிறைந்ததைச் சொல்கிறார், 'வெள்ளென எந்திரிச்சு' என்கிறார். அப்பா இன்று 'காலைல சீக்கிரமா' என்றுதான் சொல்வார். மொத்தம் இருபத்திரண்டு நிமிடம். நான் பிறப்பதற்கு முன்பே காலமான அவருடைய குரலை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன். தேதி எங்கும் இல்லை. கௌஹர் ஜானுக்கு இருந்த பெயர்ச்சீட்டு அப்பத்தாவுக்கு இல்லை. கன்று ஈன்றதையும் கண்மாய் நிறைந்ததையும் வைத்து அப்பாவும் அத்தையும் இரண்டு நாள் வாதிட்டு 1986 என்று முடிவு செய்தனர்.

சுருக்கப்படாத கோப்பாக மாற்றி மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன். இப்போது அப்பாவின் கேள்விக்கு ஒரு வரலாற்று மாணவனின் விடையாக எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். உங்களுக்கு வேண்டிய பாட்டு புதிய கருவியில்தான் வருகிறதென்றால் வாங்குங்கள். நம் முன்னோரும் அதைத்தான் செய்தனர். பெல்ட், ஊசி, கம்பி போன்ற சிற்றுறுப்புக் கோளாறுக்காகக் கருவியைக் கழிக்காதீர்கள். ஒலித்தரம் கூடும் என்னும் விளம்பரம் மட்டுமே காரணமென்றால் ஓராண்டு பொறுத்துப் பாருங்கள். எதை வாங்கினாலும், பழைய கருவியில் மட்டுமே கேட்கக்கூடிய ஒரு குரல் வீட்டில் இருக்கும்வரை அந்தக் கருவியை வெளியே அனுப்பாதீர்கள். களப்பணிக் கேசட்டுகளை வைத்திருக்கும் மூத்த ஆய்வாளர்களுக்கும் இதே வேண்டுகோள். பேசியவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள்.

அப்பா புளூடூத் ஸ்பீக்கர் வாங்கிவிட்டார். அப்பத்தாவின் பேச்சை அதில்தான் கேட்கிறார். பேச்சு முடிந்ததும் ஒரு சொடுக்கொலி. பிறகு அழிபடாமல் எஞ்சிய பழைய திரைப்பாட்டு, சரணத்தின் நடுவிலிருந்து தொடர்கிறது. கோப்பிலிருந்து அதை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அதுவும் இருக்கட்டும் என்றார்.